பல் அழுக்கில் உயிர் கண்ட துணிக்கடைக்காரர்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். அப்துல் கலாமை அதற்குள் மூன்று பேர் எடுத்துக்கொண்டாங்க. விஸ்வேஸ்வரய்யா சிவில் துறைக்குப் போய்விட்டார். தீரர் சத்தியமூர்த்தி நம்ம திருமயத்துக்காரர், அவருக்கு வருஷா வருஷம் ஒரு கட்டுரை உறுதி. மிச்சம் யார் என்று நான் தேடவே இல்லை. எட்டு மாதமாக ஒரே ஒரு ஆள்தான் என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஹாலந்து நாட்டுக்காரர். செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் ஆன்டனி வான் லீவன்ஹூக். இந்தப் பேர் என் வாயில் நுழையவே இரண்டு நாள் ஆனது. அவரோ வாய்க்குள் நுழைந்து பார்த்தே பேர் வாங்கியவர்!

அவர் கதைக்கு முன்னால் என் அப்பத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம் வைகாசியில் அப்பத்தா வாசல்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து போச்சு. ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பாவுக்குக் கல்குவாரி வேலை, போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அம்மாவுக்கு ஆடு மாடும் தம்பியும். பெண்கள் வார்டில் ராத்திரி ஆம்பளைங்க தங்கக் கூடாது. எனக்கு செமஸ்டர் லீவு. ஆக, துணைக்கு இருந்தது நான்தான். எங்க வீட்டில் பத்தாவது தாண்டினவளும் நான் ஒருத்திதான் என்பதால் டாக்டர் சொல்வது எனக்குப் புரியும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

நான் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டதாகத்தான் நினைத்தேன். முகம் துடைத்தேன், தலை சீவினேன், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். வேளாவேளைக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்தேன். வாயை மட்டும் சுத்தம் செய்யவில்லை. அப்பத்தா ஆயுசு முழுக்க உப்பும் கரித்தூளும் வைத்துப் பல் தேய்த்த மனுஷி. அஞ்சாம் நாள் போல, வாய் ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் உப்பு கொண்டா தாயி என்று கேட்டுச்சு. படுத்த படுக்கையில் எப்படிக் கொப்பளிக்கும், புரையேறிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். வீட்டுக்குப் போய்த் தேய்ச்சுக்கலாம் அப்பத்தா என்று சொல்லிவிட்டேன். பிறகு அது கேட்கவும் இல்லை. உதடு வெடித்தது. நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. பேசும்போது நாற்றம் அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பதிமூணாம் நாள் காய்ச்சல். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கர்கர் என்று சத்தம். நிமோனியா என்று சொன்னாங்க. பதினேழாம் நாள் விடியற்காலையில் அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டது.

தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வயசான நர்ஸ் அம்மா ஒருத்தர் வந்து, ஆத்தாவுக்கு தினமும் வாய் சுத்தம் பண்ணி விட்டியா என்று மெதுவாகக் கேட்டாங்க. குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. படுத்துக் கிடக்கிற வயசானவங்களுக்கு வாயில் பெருகுகிற கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கிவிடும், இந்தக் காய்ச்சல் பல வழியில் வரும், அதில் இதுவும் ஒரு வழி என்று சொன்னாங்க. அப்பத்தாவுக்கு எந்த வழியில் வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அப்போது வீடு வந்து சேர்ந்தேன்.

ஆனால் வாயில் கிருமி என்ற சொல் என்னை விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்தது யார்? காலேஜ் திறந்ததும் நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். பக்கத்தில் டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு, புரியாத இடத்தை இங்கிலீஷ் மேடத்திடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அதில்தான் நம்ம ஆள் வந்தார்.

1632-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி டெல்ஃப்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கூடை முடைகிறவர். (இதைப் படித்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.) சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். கொஞ்ச நாள் பள்ளிக்கூடம், கொஞ்ச நாள் மாமா வீடு. பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் போய் ஒரு துணி வியாபாரியிடம் கணக்கு எழுதித் தொழில் கற்றார். 1654-இல் ஊர் திரும்பினார், கல்யாணம் செய்தார், சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். லீவன்ஹூக் என்றால் சிங்க மூலை என்று அர்த்தமாம். சிங்க வாசல் என்ற ஊர்க் கதவுக்குப் பக்கத்து மூலையில் குடும்பம் இருந்ததால் வந்த பேர். நம்ம ஊரில் மேலத்தெரு வீட்டுக்காரர் என்று சொல்வதில்லையா, அதுபோல.

1660-இல் டெல்ஃப்ட் நகர மன்றத்தில் ஒரு வேலை கிடைத்தது. ஏதோ அதிகாரி உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். அதிகாரிகள் கூடும் அறையைத் திறப்பது, பூட்டுவது, சுத்தமாக வைத்துக்கொள்வது, குளிர்காலத்தில் கணப்பு மூட்டுவது. பிறகு நில அளவைக்குப் பரீட்சை எழுதி 1669-இல் பாஸ் செய்தார். 1679-இல் ஊருக்கு வரும் ஒயின் பீப்பாய்களை அளந்து பார்க்கும் வேலையும் சேர்ந்தது. பல்கலைக்கழகப் படி மிதித்துப் படித்தவர் இல்லை. அந்தக் காலத்தில் படித்தவர்கள் பாஷை லத்தீன். அது அவருக்குத் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. டச்சு மட்டும்தான். வீட்டிலும் துக்கம் நிறைய. ஐந்து குழந்தைகளில் மரியா என்ற ஒரு மகள் மட்டுமே தங்கினாள். 1666-இல் மனைவியும் இறந்துபோனார். 1671-இல் மறுமணம் செய்துகொண்டார்.

துணி வியாபாரத்தில் இழையை எண்ணிப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அங்கே தொட்டது அந்த ஆசை என்று சொல்கிறாங்க. இதன் பிறகு வருவது நம்ம ஒர்க்‌ஷாப் விஷயம், மெக்கானிக்கல் நண்பர்கள் ஊன்றிப் படிக்கவும்!

அவர் செய்த மைக்ராஸ்கோப்பைப் படத்தில் பார்த்தால் ஏமாந்துதான் போவீங்க. நீளமான குழாய் கிடையாது. தீப்பெட்டியைவிடச் சின்னதாக இரண்டு பித்தளைத் தகடு, சிலசமயம் வெள்ளி. இரண்டுக்கும் நடுவில் மணி போன்ற ஒரே ஒரு குட்டி லென்ஸ். பின்னால் ஒரு ஊசி முனை. பார்க்க வேண்டிய பொருளை அதில் ஒட்ட வேண்டும். ஒரு திருகாணியைத் திருகினால் ஊசி மேலும் கீழும் நகரும், இன்னொன்றைத் திருகினால் லென்ஸுக்குக் கிட்டவோ எட்டவோ போகும். கண்ணை ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். திருகாணி மரை உட்பட எல்லாம் அவரே கையால் செய்தது. இப்படி ஐந்நூறுக்கும் மேல் செய்தார். மிஞ்சியிருப்பவை பத்துப் பன்னிரண்டு. அவற்றில் ஊட்ரெக்ட் மியூசியத்தில் இருப்பது சுமார் 266 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. லென்ஸ் செய்த வித்தையை மட்டும் யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார். 2021-இல்தான் டெல்ஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊட்ரெக்ட் கருவியைப் பிரிக்காமல் நியூட்ரான் கதிர் விட்டு உள்ளே பார்த்தாங்க. கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக இழுத்து, அதன் முனையைத் தீயில் காட்டினால் தானே ஒரு மணி திரளும். அந்த மணிதான் லென்ஸ்! லண்டனில் இருந்த ராபர்ட் ஹூக் என்பவர் முன்பே எழுதி வைத்திருந்த முறை அது.

படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. கெமிஸ்ட்ரி லேபில் உடைந்து கிடந்த கண்ணாடிக் குச்சியை அனுமதி கேட்டு வாங்கினேன். பர்னரில் காட்டி இழுத்தேன். முதல் பத்து மணியும் குமிழி விழுந்து வீண். பதினோராவதைப் பித்தளைத் தகட்டில் ஓட்டை போட்டுப் பதித்தேன். ஒர்க்‌ஷாப் சார் திட்டிக்கொண்டே டிரில் பிட் கொடுத்தார். வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தால், கட்டம் கட்டமாகச் செல்! என் பல் அழுக்கையும் சுரண்டி வைத்தேன். மங்கலாக ஏதோ நடுங்கியது. அது கிருமியா என் கை நடுக்கமா என்று சத்தியமாகத் தெரியவில்லை. அவருடைய கண்ணும் பொறுமையும் எப்படிப்பட்டவை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

1673-இல் அவருக்கு வயது நாற்பது. டெல்ஃப்டில் இருந்த ரெக்னியர் டி கிராஃப் என்ற இளம் டாக்டர், லண்டன் ராயல் சொசைட்டிக்கு இவரைப் பற்றி எழுதினார். படித்த மேதாவிகளின் சங்கம் அது. அதோடு இவர் பூஞ்சை, தேனீயின் கொடுக்கு, பேன் பற்றிப் பார்த்ததும் போனது. அன்று தொடங்கியவர் சாகும்வரை ஐம்பது வருஷம் அவங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். எல்லாம் பேச்சு நடை டச்சு. அவங்க மொழிபெயர்த்து அச்சிட்டாங்க. விஷயம் இருந்ததால் பாஷை ஒரு தடையாக இல்லை. இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து மிரளும் நம்ம கடைசி பெஞ்சு நண்பர்களுக்காக இந்த வரியைச் சேர்த்தேன்.

பாக்டீரியாவை அவர் முதலில் பார்த்தது எதில் தெரியுமா? மிளகுத் தண்ணீரில்! அந்தக் காலத்தில் மலையாளக் கரையிலிருந்தும் ஜாவா, சுமத்ரா பக்கமிருந்தும் டச்சுக் கப்பல்களில் மிளகு போய்க்கொண்டிருந்தது. நம்ம நாகப்பட்டினமும் 1658 முதல் டச்சுக்காரர் கையில்தான். மிளகு ஏன் காரமாக இருக்கிறது, அதில் கண்ணுக்குத் தெரியாத முள் இருக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். முள் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து அந்தத் தண்ணீரில் கணக்கில்லாத குட்டி உயிர்கள் நீந்தின. 1676 அக்டோபரில் பதினேழு பக்கத்துக்கு மேல் எழுதி அனுப்பினார். லண்டனில் நம்பவில்லை. பாதிரியார், நோட்டரி என்று எட்டுப் பெரிய மனுஷர்களைக் கூப்பிட்டுக் காட்டி, அவங்க கையெழுத்தோடு சாட்சிப் பத்திரம் அனுப்பினார். 1677 நவம்பரில் ஹூக் தாமே மிளகுத் தண்ணீர் ஊறவைத்துப் பார்த்து, உண்மைதான் என்று சபையில் காட்டினார். 1680-இல் துணிக்கடைக்காரரை ராயல் சொசைட்டி உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டாங்க.

இனி வருவது நான் தேடிப் போன இடம்.

1683 செப்டம்பர் 17. நம்ம திருமயம் கோட்டை 1687-இல் சேதுபதி கட்டியது என்பாங்க, அதற்கும் நாலு வருஷம் முந்தி. அன்று தேதியிட்ட கடிதத்தில் தம் பல்லைப் பற்றி எழுதினார். அப்போது வயது ஐம்பது. தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்ப்பார். (அப்பத்தா மாதிரியே!) தண்ணீரில் கொப்பளிப்பார். சாப்பிட்டதும் கடைவாய்ப் பல்லைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, துணி வைத்து அழுத்தித் துடைப்பார். அந்த வயசுக்காரர்களில் இவ்வளவு சுத்தமான பல் அபூர்வம் என்று அவருக்கே பெருமை. அப்படியும் கடைவாய்ப் பல் இடுக்கில் மாவுக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்து, உயிர் எதுவும் இல்லை என்று முதலிலேயே பார்த்து வைத்த சுத்தமான மழைத் தண்ணீரில் கலந்து லென்ஸில் வைத்தார்.

உள்ளே ஒரே திருவிழா! சில, விரால் மீன் தண்ணீரைக் கிழிப்பதுபோல் பாய்ந்தன. சில பம்பரமாகச் சுற்றின. மிகச் சிறியவை கொசுக் கூட்டமாக மொய்த்தன. ஒவ்வொன்றையும் படம் வரைந்து அனுப்பினார். வாயில் வாழும் பாக்டீரியாவின் முதல் படம் அதுதான். தம் நாட்டு ஜனத்தொகையைவிடத் தம் வாய்க்குள் இருக்கிற கூட்டம் அதிகம் என்று கணக்கும் போட்டார். இப்போதைய கணக்கில் ஒரு மில்லி எச்சிலில் சுமார் பத்துக் கோடி பாக்டீரியா. வாயில் காணப்படும் வகைகள் மொத்தமாகச் சுமார் எழுநூறு. மனுஷன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. பெண்கள், ஒரு சின்னப் பிள்ளை என்று மற்றவர்கள் பல்லிலும் பார்த்தார். இரண்டு கிழவர்களையும் பிடித்தார். ஒருவர் தினம் சாராயம், ஒயின், புகையிலை என்று இருப்பவர். இன்னொருவர் ரொம்ப ஒழுக்கம், ஆனால் ஆயுளில் ஒருநாளும் வாயைச் சுத்தம் செய்ததில்லையாம். அந்த இரண்டாமவர் வாயில் இருந்த கூட்டத்தைப் பார்த்து லீவன்ஹூக்கே அசந்துபோனார். கலந்த தண்ணீர் முழுக்க உயிரோடு நெளிவது போல் இருந்ததாம். முதியவர் வாயை லென்ஸில் பார்த்த முதல் மனுஷர் இவர்தான் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் மேலே படிக்க முடிந்தது.

அடுத்து அவர் செய்த சோதனை சின்னது, ஆனால் எனக்கு முக்கியம். காட்டமான ஒயின் காடியை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். காடி பட்டால் அந்த உயிர்கள் செத்துவிடும் என்று தெரிந்துதான் செய்தார். பிறகு பல் அழுக்கை எடுத்துப் பார்த்தால், கூட்டம் அப்படியே இருக்கிறது! அழுக்குக் கட்டிக்குள் காடி இறங்கவில்லை, மேலே இருந்தவை மட்டும் செத்தன என்று புரிந்துகொண்டார். கொப்பளித்தால் போதாது, தேய்த்து எடுக்கணும். துருப் பிடித்த இரும்பில் தண்ணீர் ஊற்றினால் துரு போகுமா? எமரி பேப்பர் போடத்தானே செய்கிறோம். இப்போது பயோஃபிலிம் என்று பேர் வைத்திருக்கிறாங்க. பாக்டீரியாக்கள் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து அதற்குள் ஒட்டிக் குடியிருக்கும், மருந்து எளிதில் உள்ளே போகாது. 1692-இல் முன்பல்லில் உயிர்கள் காணவில்லை, தினம் குடிக்கிற சூடான காப்பி கொன்றுவிட்டது என்றும் எழுதினார். கடைவாயில் தேடினால் அங்கே சௌக்கியமாக இருந்தன!

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1698-இல் ரஷ்ய மன்னர் பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது, விலாங்கின் வாலில் ரத்தம் ஓடுவதைக் காட்டினார். அதே ஊரில் அதே மாதத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஓவியர் வெர்மீர் கடனோடு இறந்தபோது, அவர் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பும் இவருக்கு வந்தது. கண் மங்கும் வயசிலும் லென்ஸை விடவில்லை. 1723 ஆகஸ்ட் 26-இல் தொண்ணூறு வயதில் காலமானார். நோயில் படுத்தும் இரண்டு கடிதத்தை மொழிபெயர்த்து லண்டனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் கண் மூடினார். மரியா கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அப்பாவோடு இருந்தாள். அவர் விருப்பப்படி இருபத்தாறு வெள்ளி மைக்ராஸ்கோப் வைத்த பெட்டி ராயல் சொசைட்டிக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை அவங்க தொலைத்துவிட்டாங்க. எப்படித்தான் மனசு வந்ததோ!

அந்தக் குட்டி உயிர்களால் நோய் வரும் என்று அவர் சொல்லவில்லை. பாஸ்டர், கோக் வந்து அதை நிரூபிக்கப் பிறகும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. கோக்கின் பெர்லின் சோதனைச்சாலையில் வேலை செய்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் 1890-இல் வாய்க் கிருமிகளைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

நர்ஸ் அம்மா சொன்னதற்கு ஆதாரம் தேடியபோது கிடைத்தது 1999-ஆம் வருஷத்து விஷயம். ஜப்பானில் பதினொரு முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் சோதனை செய்தாங்க. ஒரு பாதிப் பேருக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் பிறகு பணியாளர்களே பல் தேய்த்து விட்டாங்க, பல் டாக்டரோ அவர் உதவியாளரோ வாரம் ஒருமுறை வந்து சுத்தம் செய்தாங்க. இன்னொரு பாதியை வழக்கம்போல் விட்டாங்க. வழக்கம்போல் விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, தேய்த்து விட்டவர்களில் 11 சதவீதம். லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பற்றி உலகம் முழுக்க நடந்த பதினைந்து சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2023 கடைசியில் ஒரு கணக்கு வெளியானது. தினம் பிரஷ் போட்டால் அங்கே வரும் நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறதாம். பலன் அதிகம் தெரிந்தது செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களுக்கு. மூன்று வேளை தேவையில்லை, இரண்டு வேளையே போதும் என்றும் அதில் தெரிகிறது.

காரணமும் சிக்கலானது இல்லை. எச்சில்தான் வாயை இயற்கையாகக் கழுவுகிறது. வயசாலும், சாப்பிடுகிற பல மாத்திரைகளாலும், வாயால் மூச்சு விடுவதாலும் எச்சில் வற்றுகிறது. மென்று சாப்பிடாமல் கஞ்சியே குடிப்பதால் நாக்கும் கன்னமும் பல்லை உரசித் துடைப்பதும் இல்லை. படிவு தடிக்கிறது. தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்குவது எல்லோருக்கும் உண்டு. நமக்கென்றால் இருமித் தள்ளிவிடுவோம். மல்லாந்து கிடக்கிற எழுபத்தெட்டு வயசு அப்பத்தாவுக்கு இருமத் தெம்பு ஏது?

இதை எல்லாம் தெரிந்துகொண்டபோது அப்பத்தாவுக்கு மூன்றாம் மாதம் கும்பிட்டு முடித்திருந்தோம்.

இந்த மார்கழியில் ஐயாவுக்கு, அதாவது அப்பத்தா வீட்டுக்காரருக்கு, லேசான பக்கவாதம். மறுபடி ஆஸ்பத்திரி, வேறொன்று. இந்தத் தடவை பையில் முதலில் எடுத்து வைத்தது சின்னப் பிள்ளைகள் பிரஷ். ஐயாவால் விழுங்க முடியுமா என்று டாக்டர் பார்த்து முடிக்கும்வரை நானாக எதுவும் செய்யக் கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டாங்க. பிறகு அவங்களே காட்டிக் கொடுத்தாங்க. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தணும். உட்கார முடியாதவர் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். பேஸ்ட் ஒரு பயறு அளவு போதும், நுரை பொங்கினால் புரையேறும். பல்லும் ஈறும் சேரும் இடத்தை மெதுவாகத் தேய்க்கணும். பல் இல்லாத ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைக்கணும். துப்ப முடியாதவர் என்றால் நுரையைத் துடைத்து எடுத்துவிடணும், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லக் கூடாது. பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவி வைக்கணும். எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. உப்பு கேட்ட அப்பத்தாவுக்கு நான் கொடுக்காத ஐந்து நிமிஷம்.

ஐயாவுக்கு நாலு பல்தான் இருக்கிறது. அந்த நாலையும் வைத்து பிரஷைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். பொட்டப் பிள்ளை வாய்க்குள் கையை விடுறதா என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம். கோணிய வாயால் அவர் திட்டியது பாதி புரியவில்லை, புரிந்த பாதியை மலரில் எழுத முடியாது. பக்கத்துக் கட்டில் தாத்தாவின் மருமகள், நான் செய்வதை இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அவங்களும் ஒரு பிரஷ் வாங்கி வந்து, எப்படிப்பா பிடிக்கணும் என்று கேட்டாங்க.

பதினோராம் நாள் ஐயா வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் வரவில்லை. பிரஷால்தான் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன், நர்ஸ் அம்மா சொன்ன அந்தக் கடைசி வார்த்தை இதற்கும் பொருந்தும். இப்போது காலையில் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, எங்கடி அந்தக் குச்சி என்று அவரே கேட்கிறார். பேஸ்ட் இனிக்குதாம். உப்பு வேணுமாம்.